நாற்பதுக்கு மேல், எண்பதுக்குக் கீழ்

மேல்நிலைப் பள்ளி உளவியல் பாடத்திலிருந்து மனப்பாடத்தை வேரோடு பிடுங்கி எறிவது என்று தேர்வு வாரியம் முடிவு செய்தபோது, முதலில் பிடுங்கியது ‘நினைவாற்றல்’ என்ற மூன்றாம் பாடத்தை. நான்காம் பாடமான ‘மறதி’ கொள்கைக்கு உகந்தது என்பதால் அப்படியே விடப்பட்டது. நினைவு என்றால் என்னவென்று தெரியாமல் மறதியை எப்படி நடத்துவது என்று எந்த ஆசிரியரும் கேட்டு எழுதவில்லை. எழுதினால் பதில் வரும். வந்த பதிலைக் கோப்பில் போட்டு, கோப்புக்கு எண் வாங்க வேண்டும்.

இது பற்றிய சுற்றறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தது, தயாரித்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே ஓர் ஆள். மனநல மருத்துவமனையின் இரண்டாம் வார்டில் உதவியாளராக இருந்த இருபத்து மூன்று வயதுப் பெண். வார்டில் அவளுக்கு ‘அட்டவணை’ என்று பெயர். வரிசை எண் போட்டு எழுதிக்கொள்ளாமல் அவள் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. எழுதி முடித்ததும் இது சரிதானா என்று ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கும் ஓர் எண் போட்டுவிடுவாள்.

மருத்துவமனையில் உதவி ஆலோசகர் பணி ஒன்று காலியாக இருந்தது. நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கும் வேலை. மூன்று வருடமாக அட்டவணை செய்துவந்தது அதைத்தான். பதிவேட்டில் மட்டும் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வருட முடிவுக்குள் மேல்நிலை உளவியல் சான்றிதழைக் கொண்டுவந்தால் அந்த வேலை அவளுக்கு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. கொண்டுவராவிட்டால் வார்டு உதவியாளர் இடமே ரத்தாகி, அவள் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போக வேண்டும் என்பதும் அதே தாளில் கீழே இருந்தது. அதனால்தான் மாலை வகுப்பு.

வகுப்பு ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து ஒன்பது பேர் படித்தார்கள். நடத்திய ஆசிரியர் படித்தது வணிகவியல். உளவியலுக்கு ஆள் கிடைக்காத ஒரு வருடம், கால அட்டவணையில் அவருக்கு ஒரு பீரியட் காலியாக இருந்தது அவர் செய்த ஒரே பிழை.

“எனக்குத் தெரிஞ்ச உளவியல் எல்லாம், ஹெட்மாஸ்டர் இன்னைக்கு எந்த மூடுல வந்திருக்கார்னு செருப்புச் சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிறதுதாம்மா” என்பார். “அதுல மட்டும் நான் தப்பினதில்லை.”

புதிய பாடத்திட்டத்தை அறிமுகம் செய்ய ஆசிரியர்களையும் மாணவர்களையும் வாரியம் தன் பெரிய மண்டபத்துக்கு அழைத்தது. வாசலில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ‘நான் சிந்திக்கிறேன்’ என்ற அட்டையைக் குத்தி அனுப்பினார்கள். அட்டை தீர்ந்துவிட்டதால் பின்னால் வந்த முப்பது பேரைத் தனி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

புதுப்பிப்புக் குழுவின் தலைவர் பேச எழுந்தார். இதற்கு முன் தேர்வறை மேசைகளின் உயரத்தை நிர்ணயித்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர். மேசை சரியாக அமைந்ததால் மனமும் அவர் கைக்கு அடங்கும் என்று வாரியம் நம்பியது.

“மனப்பாடம் ஒரு நோய்” என்று தொடங்கினார். “இதை நான் பதினெட்டு வருஷமா ஒவ்வொரு மேடையிலும் சொல்லிட்டு வர்றேன். இதே வார்த்தைங்க. ஒரு எழுத்து முன்ன பின்ன ஆனதில்லை.”

பலத்த கைதட்டல். பிறகு உறுதிமொழி. ‘சொந்தமாகச் சிந்திப்பேன், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன்’ என்று குழுவின் செயலர் அம்மாள் ஒலிபெருக்கியில் சொல்ல, நானூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாம் முறை தாளைப் பார்த்து. மூன்றாம் முறை தாளைக் கவிழ்த்துவைத்து. அப்போதும் ஓரக்கண்ணால் தாளைப் பார்த்த ஓர் ஆசிரியையை எழுப்பி வெளியே அனுப்பினார்கள்.

கேள்வி நேரத்தில் வணிகவியல் ஆசிரியர் எழுந்தார்.

“ஐயா, மாதிரி விடை எப்போ குடுப்பீங்க?”

“குடுக்க மாட்டோம். குடுத்தா மனப்பாடம் பண்ணிடுவாங்க. சீல் வெச்சுப் பூட்டி வெச்சிருக்கோம்.”

“அப்போ நாங்க வகுப்புல எதைச் சொல்லித் தர்றது?”

“சுயசிந்தனையை.”

“எப்படிப்பட்ட சுயசிந்தனைங்க?”

“பூட்டி வெச்சிருக்கற விடையோட பொருந்துற சுயசிந்தனை” என்றார் தலைவர். இவ்வளவு எளிய விஷயத்தைக் கேட்கிறார்களே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

மதிப்பீட்டு நிபுணர் விளக்கினார். நிபுணர் கையில் எப்போதும் ஓர் அடிக்கோல் இருந்தது. மாணவரின் விடையை மாதிரி விடையோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். நாற்பது சதவீதத்துக்குக் கீழே பொருந்தினால் அறியாமை, தோல்வி. எண்பதுக்கு மேலே பொருந்தினால் மனப்பாடம், விசாரணை. நாற்பதுக்கு மேல் எண்பதுக்குக் கீழ் இருப்பவரே சிந்திக்கிறவர்.

அட்டவணை இதை எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ‘சந்தேகம் 1: முழுக்கச் சரியாக எழுதினால்?’ என்று குறித்தாள். எழுந்து கேட்கவில்லை. நானூறு பேருக்குப் புரிந்தது தனக்கு மட்டும் புரியவில்லையோ என்று தோன்றியது.

பிற்பகலில் ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்தார்கள். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டாம், சும்மா ஒரு பழக்கத்துக்கு. ஒரே வினா. ‘ஒருவர் மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.’

சுற்றியிருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அட்டவணைக்கு வார்டின் பதினோராம் கட்டில் நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் போன மாதம் அதில் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கத்தியே பிழைத்தவர். வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. அவரோடு தான் செய்ததை எண் போட்டு எழுதினாள். முதலில் மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வேன். ஏன் பேசவில்லை என்று கேட்க மாட்டேன். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போவேன். படுக்கை விரிப்பு மடிப்பது அப்படிப்பட்ட வேலை. நான் தனியாக மடிக்கத் தொடங்குவேன். மறுமுனையைப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். அன்று பிடிக்காவிட்டால் மறுநாளும் போவேன். பிடித்தால் நன்றி சொல்ல மாட்டேன், அடுத்த விரிப்பை எடுப்பேன். பேசாதவரிடம் எல்லோரும் பேச்சையே கேட்கிறார்கள், கையை யாரும் கேட்பதில்லை என்பது காரணம்.

ஒன்பது வரி ஆயிற்று. பத்தாவதாக, ‘இது எல்லோருக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு எட்டு மாதம் பாடநூல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மாதம் ஓர் உறையில் ஒட்டுத்தாள்கள் வரும். பழைய பத்தி மேல் புதிய பத்தியை ஒட்ட வேண்டும். அதற்கடுத்த மாதம் அதன் மேல் இன்னொன்று. ‘உணர்ச்சிகள்’ என்ற பாடம் தடித்துத் தடித்து, புத்தகத்தை மூடவே முடியாமல் போயிற்று. ஐந்தாம் புதுப்பிப்பில் அட்டைக்கே ஓர் ஒட்டுத்தாள் வந்தது. நாற்பது சதவீதம் மாறிய எந்த எழுத்தும் புதிய படைப்பு, அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுபவரே அதன் ஆசிரியர் என்பது சுற்றறிக்கையின் முப்பத்தாறாம் பக்கத்து விதி. அதன்படி புத்தகத்தை எழுதிய பேராசிரியர் போய், அந்த இடத்தில் குழுத் தலைவர் வந்தார்.

வீட்டில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த அட்டவணையின் அக்கா புத்தகத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

“என்னடி இது, கிழிஞ்ச பாவாடைக்குக் கூட நான் இத்தனை ஒட்டுப் போட்டதில்லை. ஒட்டுக்குள்ள துணி எங்கடி இருக்கு?”

“படிக்க விடுக்கா.”

“படி, படி. நீ படிக்கறதுக்குள்ள அவன் மாத்திடுவான். இரு, ஓரத்தையாவது தைச்சுத் தரேன், பக்கம் பறக்காம இருக்கும்.”

தேர்வு நாள் வந்தது. வினாத்தாளில் அதே வினா. புதிய வினா கேட்டால் யாராவது முன்கூட்டி மனப்பாடம் செய்திருக்கக்கூடும், பழைய வினா என்றால் மறந்திருப்பார்கள் என்பது வாரியத்தின் கணிப்பு. அட்டவணை அதே பத்து வரிகளை எழுதினாள். வேறு எதையும் எழுத அவளுக்குத் தெரியவில்லை. அன்று காலையில்கூட அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தாள்.

முடிவுகள் வெளியாயின. அவள் எண்ணுக்கு நேரே ‘நிறுத்திவைப்பு’ என்று இருந்தது. கூடவே ஒரு கடிதம்: தங்கள் விடை மாதிரி விடையோடு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. இந்தக் கடுமையான குற்றச்சாட்டுக்கு நேரில் விளக்கமளிக்கவும்.

மருத்துவமனை கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

“என்னடி பண்ணித் தொலைச்ச?” என்றாள் அக்கா.

“சரியா எழுதிட்டேன்க்கா.”

“உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை!”

விசாரணைக்கு வணிகவியல் ஆசிரியரும் துணைக்கு வந்தார். நீள மேசையின் அந்தப் பக்கம் தலைவர், செயலர் அம்மாள், அடிக்கோலோடு நிபுணர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அது அட்டவணைக்கு. ஆசிரியர் நின்றார்.

“நீ எழுதின விடையை இப்போ சொல்லு பார்ப்போம்” என்றார் நிபுணர்.

சொன்னாள். வரி பிசகாமல் பத்தும்.

நிபுணர் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தார். “கேட்டீங்களா? அப்படியே ஒப்பிக்குது. மனப்பாடம் இல்லாம வேற என்ன?”

“சார், நான் எழுதினதுதானே...”

“சரி, மறுபடி சொல்லு.”

பயத்தில் இந்த முறை ஏழாம் வரியில் தடுமாறினாள்.

“பாருங்க, தெரியலை. அப்போ இது எழுதினதே இல்லை, எங்கயோ பார்த்து இறக்கினது.” அடிக்கோலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். “ரெண்டும் நிரூபணம் ஆயிடுச்சு.”

“சார், அதை நான் வார்டுல தினமும் செய்யறேன்” என்றாள் அட்டவணை. “பதினோராம் கட்டில்ல ஒருத்தர் இருந்தார். நாலாம் நாள் அவரா எந்திரிச்சு விரிப்போட அந்தப் பக்கத்தைப் பிடிச்சார். அப்புறம் பேசினார்.”

“அவரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வர முடியுமா?” என்று கேட்டாள் செயலர் அம்மாள்.

“குணமாகி ஊருக்குப் போயிட்டாருங்க.”

“குணமாகாத ஆள் யாராவது இருந்தா உன் பக்கம் கொஞ்சம் பலமா இருந்திருக்கும்மா.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாரும்மா. நாங்க உன் எதிரி இல்லை. ஒரு மாணவி எங்க அளவுக்குச் சரியா சிந்திக்க முடியும்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் இவ்வளவு பெரிய வாரியம் எதுக்கு? நீயே சொல்லு.”

அட்டவணை தன் பையைத் திறந்தாள். சுற்றறிக்கையை எடுத்துப் பிரித்தாள். “முப்பத்தோராம் பக்கத்துல, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டா மாதிரி விடையைக் காட்டணும்னு இருக்குங்க.”

மூவரும் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார்கள். அதில் கீழே தங்கள் மூவரின் கையெழுத்தும் இருந்ததைக் கண்டு வியந்தார்கள்.

இரும்புப் பெட்டியைத் திறக்க அரை மணி நேரமாயிற்று. மூன்று உறைகள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை. கடைசி உறையிலிருந்து வந்தது மூலையில் மடங்கிய ஓர் ஒற்றைத் தாள். நீல மை. வரிக்கு வரி எண். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, வரிசை தப்பிவிடக் கூடாதே என்று போட்ட மெல்லிய கோடு.

ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். எட்டு மாதமாக அந்தக் கையெழுத்தைத்தான் அவர் திருத்திக்கொண்டிருந்தார்.

“இது இந்தப் பொண்ணோட முன்னோட்டத் தாள் ஆச்சே!”

நிபுணர் அடிக்கோலை மேசைக்குக் கீழே இறக்கினார். செயலர் அம்மாள்தான் விளக்கினாள்.

“மண்டபத்துல கூட்டம் நடந்தப்போ பெட்டி காலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் குழுவுல நாங்க எல்லாரும் ஒரு விடை எழுதிப் பார்த்தோம். எதுவும் பொருந்தலை.”

“எதோட பொருந்தலைங்க?” என்றார் ஆசிரியர்.

“ஒன்னோட ஒன்னு.”

பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தபோது தலைவரின் முகத்தில் புதிய வெளிச்சம் இருந்தது. எழுந்து நின்றே தீர்ப்பைச் சொன்னார்.

“வாழ்த்துகள். மாதிரி விடையைத் தயாரிச்ச நிபுணர் நீங்கதான்னு குழு ஒருமனதா கண்டுபிடிச்சிருக்கு.” அவள் திடீரென்று ‘நீங்க’ ஆகியிருந்தாள். “மேடம், உட்காருங்க. உட்கார்ந்துதான் இருக்கீங்களா? நல்லது. வாரியத்தோட நிபுணர் வாரியத்தோட தேர்வை எழுதக் கூடாது. அதனால உங்க தேர்வு ரத்து. உங்களைக் கௌரவிச்சு ஒரு பாராட்டுப் பத்திரம் தர்றோம்.”

“அதை மருத்துவமனையில காட்டலாங்களா?”

“யார்கிட்டயும் காட்டக் கூடாது. நிபுணர் பெயர் ரகசியம். வீட்டுல பெட்டிக்குள்ள வெச்சுக்கலாம்.”

“அந்த விரிப்பு மடிக்கிறதை இனிமேலும் வார்டுல செய்யலாங்களா?”

அடிக்கோல் நிபுணர் யோசித்தார். “அது இப்போ வாரியத்தோட உடைமை. வெளியிடுற வரைக்கும் தவிர்க்கறது நல்லது.”

அட்டவணை தன் நோட்டைத் திறந்தாள். வழக்கமாக வரும் சந்தேகத்துக்காகச் சற்றுக் காத்திருந்தாள். அது வரவில்லை.

“ஒரு விஷயம் கேட்கலாங்களா? மாதிரி விடையைத் தயாரிச்சவங்க அதைப் புதுப்பிக்கலாமா?”

தலைவர் மலர்ந்தார். “புதுப்பிக்கிறதுதானே எங்க மூச்சு!”

“அப்போ இதுல நாலு வரியை மாத்தணும்.”

தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் இரண்டாம் வரியை அடித்துவிட்டு, ‘ஏன் பேசவில்லை என்று பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தின் மூலம் கேட்பேன்’ என்று எழுதினாள். ஆறாம் வரிக்கு, ‘மறுமுனையைப் பிடிக்குமாறு எழுத்துமூலம் அறிவுறுத்துவேன்.’ எட்டாவதுக்கு, ‘பிடித்தால் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்துக் கையொப்பம் பெறுவேன்.’ பத்தாம் வரியின் மேல் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு அதையும் அடித்து, ‘இது எல்லோருக்கும் பொருந்தும்’ என்று முடித்தாள்.

தலைவர் உரக்கப் படித்தார். பாதியிலேயே அவர் குரல் கனிந்துவிட்டது.

“அருமை! இப்போதான் இது ஒரு பாடத்திட்டம் மாதிரி இருக்கு. முன்னாடி இருந்தது ஏதோ... ஏதோ ஒரு ஆள் எழுதின மாதிரி இருந்துச்சு.”

அவர் கையெழுத்திட்டார். மை காயும் வரை காத்திருந்து, அட்டவணை முப்பத்தாறாம் பக்கத்தை நீட்டினாள். பத்தில் நான்கு வரி மாறினால் நாற்பது சதவீதம். நாற்பது சதவீதம் மாறியது புதிய படைப்பு. ஏற்றுக் கையெழுத்திட்டவரே ஆசிரியர்.

“அப்போ இதை எழுதினது... நானா?” என்றார் தலைவர். அவருக்கு அதில் ஆச்சரியம் இருந்தது, ஆட்சேபணை இல்லை. “எனக்கே தோணுச்சு. அந்தப் பதினான்கு கேள்விங்கறதுல என்னோட நடை தெரியுது.”

“அப்போ நான் நிபுணர் இல்லைங்க. மாணவிதான். என் விடையை இந்தப் புது விடையோட ஒப்பிடணும்.”

நிபுணர் அடிக்கோலை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டார். ஆறு பொருந்தியது, நான்கு பொருந்தவில்லை. அறுபது சதவீதம். “சிந்திக்கிற பொண்ணு” என்று சான்றளித்தார். “ஆனா அந்த நாலு வரியில கொஞ்சம் தெளிவு பத்தலை. படிவம் வேண்டாங்கறே, நன்றி வேண்டாங்கறே. போகப் போக வந்துடும்.”

சான்றிதழை ஐந்தாம் நாள் கொடுத்தார்கள். வெளியே வரும்போது ஆசிரியர் கேட்டார், “என்னம்மா, அடுத்த வருஷம் பிள்ளைங்களுக்கு நான் எதைச் சொல்லித் தரட்டும்?”

அவள் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உதவி ஆலோசகர் வேலை அவளுக்குக் கிடைத்தது. தனி மேசை, பெயர்ப்பலகை, சாய்வு நாற்காலி. இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் மாதம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கட்டு வந்தது. புதுப்பிக்கப்பட்ட உளவியல் பாடத்திட்டத்தின் வழிகாட்டுதலின்படி, பேசாத நோயாளிகள் அனைவரிடமும் இனி இந்தப் படிவத்தின்படியே விசாரிக்க வேண்டும். மூன்று நகல். வேறு முறைகளுக்கு அனுமதி இல்லை. கேள்விகளை வாரியம் தன் சொந்தச் சிந்தனையில் எழுதிச் சேர்த்திருந்தது. முதல் கேள்வி: ‘நீங்கள் பேசுவதில்லை என்பது உண்மையா?’ பதினான்காவது: ‘மேற்கண்ட கேள்விகளுக்கு வாய்மொழியாக விடையளித்தீர்களா? ஆம் எனில் எப்போது?’

தலைமை நர்ஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். ஏழாம் கட்டிலில் நேற்று வந்து சேர்ந்த ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமை நர்ஸின் பார்வை அங்கே போய்த் திரும்பியது.

“அட்டவணை, இதைப் பார்த்தியாடி? இவகிட்ட போய் இதைக் கேட்கணுமாம். எந்தப் புண்ணியவான் மூளையில உதிச்சுதோ! அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சா, இந்தக் கட்டு மொத்தத்தையும் வாயில திணிச்சுடுவேன். யாரா இருக்கும்ங்கற?”

அட்டவணை படிவத்தை வாங்கிக்கொண்டாள். தேதி, வார்டு எண், கட்டில் எண் எல்லாம் பிழையில்லாமல் நிரப்பினாள். தலைமை நர்ஸ் இரண்டாவது முறையும் கேட்டாள், மூன்றாவது முறையும் கேட்டாள். அன்று முழுக்க அட்டவணை யாரிடமும் பேசவில்லை.